உலகக் கோப்பைக்கு நடுவே க்ரூகர்: 2027-ல் காட்டுக்குள் தங்க அறை பிடிப்பது எப்படி?

2027 அக்டோபர், நவம்பரில் ஆடவர் ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய மூன்று நாடுகளில் நடக்கிறது. நண்பர்கள் வட்டத்தில் இந்தப் பேச்சு வந்தாலே அடுத்த வரி ஒன்றுதான்: “அவ்வளவு தூரம் போறோம், அப்படியே சிங்கத்தையும் பாத்துட்டு வந்துடலாம்.” அந்த ‘அப்படியே’வில்தான் சிக்கல். க்ரூகர் தேசியப் பூங்கா எந்த மைதானத்துக்கும் பக்கத்தில் இல்லை. அக்டோபரில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். உள்ளே படுக்க இடம் இல்லையென்றால் அதற்குள் வெளியே வந்தாக வேண்டும்.

நான் ஒரு அக்டோபரில் க்ரூகர் போய் வந்தவன். அதற்கப்புறம் நண்பர்கள் நாலைந்து குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தப் பயணத்தில் மேட்ச் டிக்கெட்டைவிட அரிதான பொருள் காட்டுக்குள் இருக்கும் அறை. டிக்கெட் கடைசி வாரத்தில்கூட யாராவது விட்டுக்கொடுத்துக் கிடைக்கும். பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களில் பெரியதிலேயே குடில்கள் சில நூறுதான். சின்ன முகாம்களில் பதினைந்து, இருபது. கூட்டம் வருகிறதே என்று யாரும் புதிதாகக் கட்டப்போவதில்லை. ஆகவே அறையை முதலில் பிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

2010-ல் என்ன நடந்தது?

தென்னாப்பிரிக்கா பெரிய விளையாட்டு விழாவைப் பார்க்காத நாடு இல்லை. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பை அங்கேதான் நடந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் வாண்டரர்ஸ் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 359 அடித்ததையும் பாண்டிங் 140 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றதையும் நம் தலைமுறை மறக்காது, மறக்க விடவும் மாட்டார்கள். தங்குமிட விஷயத்தில் நமக்குப் பாடம் தருவது 2010 கால்பந்து உலகக் கோப்பைதான். அப்போது க்ரூகரிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் ம்பொம்பேலாவிலேயே (பழைய பெயர் நெல்ஸ்ப்ரூயிட்) நான்கு போட்டிகள் நடந்தன. மைதானத்தின் தூண்களை ஒட்டகச்சிவிங்கி உருவத்திலும் இருக்கைகளை வரிக்குதிரைக் கோடுகளாகவும் அமைத்திருந்தார்கள்.

ஃபிஃபாவுக்காகத் தங்குமிடம் ஏற்பாடு செய்த நிறுவனத்தின் பெயரே ‘மேட்ச்’. நாடு முழுக்க லட்சக்கணக்கில் அறை இரவுகளை மொத்தமாகப் பிடித்து வைத்தது. ‘எல்லாம் போச்சு’ என்று உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டு ரசிகர்களும் விலகிக்கொண்டார்கள். எதிர்பார்த்த கூட்டம் வராததால், போட்டிக்குச் சில மாதம் முன்பு பெருமளவு அறைகளை அந்த நிறுவனமே திருப்பிக் கொடுத்துவிட்டது. முதலில் ‘இடமே இல்லை’, பிறகு ‘வாங்க வாங்க’.

2027-லும் இந்த இரண்டு அலைகளும் வரலாம் என்று வைத்தே திட்டம் போடுங்கள். முதல் அலைக்கு முன்னால் உங்கள் பெயரில் ஏதாவது ஒரு அறை இருக்க வேண்டும். இரண்டாவது அலையில் அதை நல்ல அறையாக மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: மேட்ச்சுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தேடுங்கள்

14 அணிகள், ஏழு ஏழாக இரண்டு பிரிவுகள், பிறகு சூப்பர் சிக்ஸ் (ஆறு அணிகள் மோதும் அடுத்த சுற்று), அரையிறுதி, இறுதி. 2003-ல் இருந்த அதே அமைப்பு. மொத்தம் 54 போட்டிகள். அவற்றில் 44 தென்னாப்பிரிக்காவில். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவின் செஞ்சூரியன், கேப் டவுன், டர்பன், கெபெர்ஹா (பழைய போர்ட் எலிசபெத்), ப்ளூம்ஃபான்டீன், ஈஸ்ட் லண்டன், பார்ல் என்று எட்டு ஊர்கள்.

ஒவ்வொரு அணிக்கும் பிரிவில் ஆறு ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே பெரும்பாலும் மூன்று நாளாவது கிடைக்கும், சில சமயம் ஐந்தாறு. காட்டுக்கான நேரம் அதுதான். பகலிரவு ஆட்டம் முடியவே ராத்திரி ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். அதனால் மேட்ச் நாளையும் பூங்கா நாளையும் ஒன்றோடொன்று ஒட்ட வைக்கப் பார்க்காதீர்கள்.

‘அட்டவணை வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருந்தால் வண்டி போய்விடும். 2023 உலகக் கோப்பை நினைவிருக்கிறதா? அக்டோபர் 5-ல் தொடங்கிய போட்டிக்கு அட்டவணை வந்தது ஜூன் 27-ல், சரியாக நூறு நாள் முன்பு. ஆகஸ்டில் அதிலும் ஒன்பது ஆட்டங்களை மாற்றினார்கள். அகமதாபாதில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் ஒரு நாள் முன்னால் வந்தது. ஹோட்டல் வாடகை தாறுமாறாக ஏறி, உடல் பரிசோதனை என்ற பெயரில் ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டவர்கள் இருந்தார்கள் என்று செய்தியே வந்தது. க்ரூகர் புக்கிங்கோ சுமார் பதினோரு மாதம் முன்பே திறந்துவிடும்.

என் யோசனை இது. உங்கள் பயணத்தின் மொத்த நாள்களில் இரண்டு ‘காட்டுத் துண்டு’ ஒதுக்குங்கள், ஒவ்வொன்றும் மூன்று இரவு, இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி. இரண்டுக்கும் அறை போடுங்கள். அட்டவணை வந்ததும் இடிக்கிற துண்டை விட்டுவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். ரத்துக் கட்டணம் கொஞ்சம் போகும்; எவ்வளவு நாள் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைப் பணம் கட்டும்போதே படித்துவிடுங்கள். அந்தத் தொகையைக் காப்பீடு மாதிரி நினைத்துக்கொண்டால் மனசு ஆறும்.

இன்னொன்று. செப்டம்பர் 24 அங்கே பாரம்பரிய தினம். அதை ஒட்டிப் பள்ளிகளுக்கு விடுமுறை வரும், அக்டோபர் முதல் நாள்கள் வரை நீளவும் செய்யும். உள்ளூர்க் குடும்பங்கள் க்ரூகருக்கு வண்டி கட்டும் காலம் அது. அக்டோபர் நடுப்பகுதிக்கு மேல் உள்ளூர்க் கூட்டம் குறையும். நம் பக்கத்தில், 2027 தீபாவளி அக்டோபர் கடைசி வாரத்தில் வருகிறது. அதை ஒட்டி விமான டிக்கெட் விலை எப்படியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது படி: எந்தக் காடு?

எல்லோருக்கும் க்ரூகர்தான் வாயில் வரும். நியாயம்தான். 1898-ல் சாபி காப்புக்காடாகத் தொடங்கி 1926-ல் தேசியப் பூங்காவானது. சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். ஆனால் உங்கள் மேட்ச் எந்த ஊரில் என்பதைப் பொறுத்து வேறு காடு புத்திசாலித்தனமாக இருக்கும்.

ஜோகன்னஸ்பர்க் அல்லது செஞ்சூரியன் மேட்ச் என்றால் க்ரூகரின் தெற்கு கேட்டுகளுக்குக் காரில் நாலரை முதல் ஐந்து மணி நேரம். நடுவில் இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் பிலானெஸ்பெர்க் என்ற காட்டுக்குப் போங்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், மலேரியா பயமும் கிடையாது.

கெபெர்ஹாவில் மேட்ச் என்றால் யோசிக்கவே வேண்டாம், அடோ யானைப் பூங்கா. ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான். 1931-ல் பூங்கா அமைத்தபோது அங்கே மிஞ்சியிருந்தவை 11 யானைகள். இன்று அறுநூறுக்கும் மேல். மலேரியா இல்லாத பகுதி என்பதால் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். மதியம் ஹாபூர் குட்டையோரம் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், யானைக் கூட்டம் தானாக வரும்.

டர்பன் என்றால் வடக்கே மூன்று மணி நேரத்தில் ஷ்லூஷ்லுவே–இம்ஃபொலோசி. 1895-லிருந்து காப்புக்காடு, அழிந்துபோக இருந்த வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாற்றிய இடம். இதை நடத்துவது தேசியப் பூங்கா நிர்வாகம் அல்ல, மாகாணத்தின் எசெம்வேலோ அமைப்பு. புக்கிங் தளமும் வேறு. க்ரூகர் தளத்தில் தேடிவிட்டு ‘காணோமே’ என்று சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. பிலானெஸ்பெர்க்கும் இப்படித்தான், அது வடமேற்கு மாகாணத்தின் கையில்.

ப்ளூம்ஃபான்டீனுக்கு கோல்டன் கேட் மலைப்பூங்கா இருக்கிறது. பாறைகள் அழகு, ஆனால் சிங்கம் எதிர்பார்க்காதீர்கள். கேப் டவுன், பார்ல் பக்கம் போனால் காட்டை மறந்துவிட்டு ஹெர்மானஸ் கரையில் திமிங்கலம் பாருங்கள், நவம்பர் வரை இருக்கும்.

நமீபியாவில் விண்ட்ஹூக் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் எட்டோஷாவை விடவே கூடாது. வடக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல், நல்ல தார்ச்சாலை. அக்டோபர் அங்கே வறட்சியின் உச்சம். ஒகாகுவேயோ முகாமின் விளக்கு போட்ட குட்டைக்கு ராத்திரி காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வரும், நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். ஜிம்பாப்வே பக்கம் விக்டோரியா அருவிக்குப் போனால் ஹ்வாங்கே பூங்கா இரண்டு மணி நேரத்தில். அக்டோபர் வெயில் அங்கே நம் அக்னி நட்சத்திரத்துக்குத் தம்பி இல்லை, அண்ணன்.

மற்ற காடுகளை இதோடு விட்டுவிட்டு க்ரூகரை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது படி: புக்கிங் திறக்கும் நாளில் கணினி முன் உட்காருங்கள்

க்ரூகரின் முகாம்களை நடத்துவது சான்பார்க்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னாப்பிரிக்க தேசியப் பூங்கா அமைப்பு. நேராக அவர்கள் தளத்திலேயே போடலாம், இடைத்தரகர் தேவையில்லை. கணக்கை முன்கூட்டியே திறந்து, பாஸ்போர்ட் எண்களைப் பதிந்து வைத்துவிடுங்கள். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கத்தில் இருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். அற்ப விஷயம்தான், ஆனால் கடைசிப் பக்கத்தில் கார்டு மறுக்கப்பட்டு, திரும்ப வருவதற்குள் அறை போன கதை எனக்கே நடந்திருக்கிறது.

தேடும்போது ஒரு தந்திரம். மூன்று இரவும் ஒரே குடில் என்று தேடினால் ‘இல்லை’ என்று வரும். ஒவ்வொரு இரவாகத் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டு இரவு ஒரு குடில், ஒரு இரவு பக்கத்துக் குடில் என்று துண்டு துண்டாகக் கிடைக்கும். காலையில் பையைத் தூக்கி இருபது அடி மாற்றினால் சரி.

வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள். மலிவானது கூடாரம் போடும் இடம்; கூடாரம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்து பொதுக் குளியலறை உள்ள குடிசை. பிறகு நிரந்தரமாக அடித்து வைத்த சஃபாரி கூடாரம். அதற்கு மேல் பங்களா என்று அவர்கள் சொல்லும் வட்டக் குடில்: கூரை வேய்ந்தது, உள்ளே குளியலறை, வாசலில் திண்ணை, திண்ணையில் ஃப்ரிட்ஜ். பங்களா என்றதும் ஜமீன் மாளிகையை நினைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு பெரிய அறைதான். குடும்பமாகப் போனால் இரண்டு படுக்கையறை உள்ள காட்டேஜ். எல்லோரும் முதலில் பங்களாவைத்தான் பிடிப்பார்கள். பொதுக் குளியலறைக் குடிசையும் சஃபாரி கூடாரமும் கடைசி வரை மிஞ்சும். அவற்றை இளக்காரமாகப் பார்க்காதீர்கள், குளியலறைகள் நம் நாட்டுப் பல ஹோட்டல்களைவிடச் சுத்தம்.

பணத்தில் பலரும் இடறுவது ஒரு இடத்தில். அறை வாடகை தனி, பாதுகாப்புக் கட்டணம் (காட்டைப் பாதுகாப்பதற்காக வாங்கும் தினக் கட்டணம்) தனி. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 500 ரேண்டுக்கு (தென்னாப்பிரிக்கப் பணம்) மேல். ஒரு ரேண்டை ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேர் நான்கு இரவு தங்க இது மட்டுமே இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். குழந்தைகளுக்குப் பாதி. வருடா வருடம் ஏறவும் செய்யும். ஒரு வாரத்துக்கு மேல் பூங்காக்களில் சுற்றப்போகிறீர்கள் என்றால் ‘வைல்ட் கார்டு’ எனும் ஆண்டு அட்டையின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று பூங்கா போகும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் அது லாபம்.

முன்பணத் தேதியைத் தவறவிடாதீர்கள். கட்டாத புக்கிங் தானாக ரத்தாகிவிடும். இது உங்களுக்கு ஆபத்து, அடுத்தவர் மறந்தால் உங்களுக்கு வாய்ப்பு.

நான்காவது படி: முகாமைத் தேர்ந்தெடுப்பது

வரைபடத்தைப் பார்த்தால் க்ரூகர் வடக்குத் தெற்காகச் சுமார் 350 கிலோமீட்டர் நீளம். மூன்று நான்கு இரவுக்காரர்கள் ஒலிஃபான்ட்ஸ் ஆற்றுக்கு வடக்கே போக வேண்டாம். தெற்கும் நடுவும் போதும், விலங்குகளும் அங்கேதான் அடர்த்தி.

ஸ்குகுசா தலைமை முகாம். பெட்ரோல் பங்க், கடை, டாக்டர், கொஞ்ச தூரத்தில் விமான நிலையம் எல்லாம் உண்டு. சிலருக்கு ஊர் மாதிரி இருக்கிறது என்று குறை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் வயதான அம்மா அப்பாவோடு போனால் இதைவிட நல்ல இடம் இல்லை.

லோயர் சாபி என் செல்லம். ஆற்றை ஒட்டிய முகாம்; சாப்பிடும் மரத்தளத்தில் உட்கார்ந்தால் கீழே நீர்யானை முதுகுகள். ஸ்குகுசாவிலிருந்து அங்கே போகும் 45 கிலோமீட்டர் ஆற்றோரச் சாலையை அரை நாளில் ஓட்டி முடித்தால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். முதலில் தீர்ந்துபோகும் முகாமும் இதுதான்.

சதாரா, சிங்கம் தேடுபவர்களுக்கு. புல்வெளி, பக்கத்தில் எஸ்100 என்ற மண்சாலை பிரசித்தம். பெர்க்-என்-டாலும் க்ரொக்கடைல் பிரிட்ஜும் கேட்டுக்குப் பக்கம் என்பதால் முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் வசதி. சதாரா முழுதாகப் போய்விட்டால் அதன் மேற்கே ஓர்பெனையும் அருகிலுள்ள டம்போட்டி கூடாரங்களையும் பாருங்கள். டம்போட்டியின் பெயர் பலருக்குத் தெரியாததால் நண்பர்களுக்குத் திட்டம் போடும்போது சில தடவை அங்கே இடம் கிடைத்திருக்கிறது.

நான்கு இரவுக்கு இரண்டு முகாமுக்கு மேல் வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள், காலை பத்துக்குக் காலி செய்யச் சொல்வார்கள். தினம் மாற்றினால் விலங்கு பார்க்கும் நேரமெல்லாம் சாவி வாங்குவதில் போகும்.

ஐந்தாவது படி: கேட் கணக்கு

இந்தப் படியைத் தவறவிட்டு நான் பணம் இழந்தேன். அக்டோபரில் கேட் காலை 5.30-க்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். நவம்பரில் மாலை 6.30 வரை; முகாம் கேட்டுகள் காலை 4.30-க்கே திறக்கும். உள்ளே தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான். ரேடார் வைத்துப் பிடிப்பார்கள். நீங்கள் நுழையும் கேட்டிலிருந்து முகாம் எவ்வளவு தூரம் என்பதை அந்த வேகத்தால் வகுத்துவிட்டு, நடுவில் யானைக் கூட்டம் சாலையை மறித்து நிற்கும் அரை மணி நேரத்தையும் சேருங்கள். சாலை நடுவே நிற்கும் யானைக்கு நம் செக்-இன் நேரம் தெரியாது.

எங்களுக்கு நடந்தது இது. ஒரு பயண முகவர் மூலம் டிக்கெட் போட்டிருந்தோம். மதியம் பன்னிரண்டுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, அன்று இரவே பெர்க்-என்-டாலில் தங்குவது திட்டம். குடியேற்ற வரிசை, பெட்டி, வாடகைக் கார் கவுன்ட்டர் எல்லாம் முடிந்து நெடுஞ்சாலை ஏறும்போது மணி ஒன்றே முக்கால். மலெலேன் கேட்டை அடைந்தபோது 6.20. காவலர் கோபப்படவில்லை. தன் கைக்கடிகாரத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். பின்னால் முதலை ஆற்றுப் பாலத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. என் மச்சான் அவரிடம் என்னென்னவோ பேசிப் பார்த்தார். கடைசியில் மலெலேன் ஊரில் ஒரு லாட்ஜில் போய்ப் படுத்தோம். கட்டிய அறை உள்ளே காலியாக, படுத்த அறை வெளியே இரட்டைச் செலவாக.

அதனால் சொல்கிறேன்: விமானம் இறங்கும் நாளன்றோ, மேட்ச் நடந்த இரவன்றோ பூங்காவுக்குள் அறை போடாதீர்கள். முதல் இரவை ம்பொம்பேலாவிலோ ஹேசிவ்யூவிலோ மலெலேனிலோ கழித்துவிட்டு விடியற்காலை கேட்டில் நில்லுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து வரும் என்4 நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு ஓட்டுவதும் நல்லதில்லை, மாடுகளும் ஆட்களும் சாலையில் இருப்பார்கள். காரே வேண்டாம் என்றால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் கேப் டவுனிலிருந்தும் ஸ்குகுசாவுக்கு நேர் விமானம் இருக்கிறது. விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் உலகக் கோப்பைக்கு நடுவே ஒரு முழு நாள் மிச்சம்.

இருட்டிய பிறகு காட்டில் சுற்ற ஒரே வழி பூங்காவின் சொந்த வண்டியில் போகும் மாலைச் சவாரி. ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள். காலை நடைப்பயணத்துக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருக்க வேண்டும். இவற்றையும் அறையோடு சேர்த்து முன்பே போட்டுவிடுங்கள்.

ஆறாவது படி: காகிதங்களும் மாத்திரையும்

இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும், முன்கூட்டியே. குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். உலகக் கோப்பை நேரத்தில் விசா மையங்களில் கூட்டம் இருக்கும். பள்ளித் தேர்வு மாதிரி கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக மலிவு டிக்கெட் எடுப்பவர்கள் கவனம்: அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ.வில் சர்வதேச அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக் கார் கவுன்ட்டரில் வாக்குவாதம் மிச்சம். அங்கேயும் இடது பக்கம் ஓட்டுவதுதான், நம்மவர்களுக்கு நிம்மதி.

க்ரூகர் மலேரியா பகுதி. மழை தொடங்கும் அக்டோபரிலிருந்தே ஆபத்து ஏறும். புறப்பட ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை எழுதி வாங்குங்கள். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ‘ஆப்பிரிக்கா போய் வந்தேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கே பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் வகை. ‘சும்மா வைரல்’ என்று இரண்டு நாள் தள்ளிப்போடக் கூடாத வகை.

ஏழாவது படி: சோறு

முகாம் உணவகங்களில் சைவம் கிடைக்கும், ஆனால் மூன்றாம் நாளே சலித்துவிடும். குடில்கள் பெரும்பாலானவற்றில் சமைக்க அடுப்பும் வெளியே கரி அடுப்பும் இருக்கும். அரிசி, பருப்பை ம்பொம்பேலா சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். மசாலாவுக்கு டர்பன் போகிறவர்கள் விக்டோரியா தெருச் சந்தையில் நிற்கலாம். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கியவர்களில் தொடங்கிய தமிழர் வாழ்க்கை அந்த ஊரில் இன்னும் மணக்கிறது. கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து ‘மெட்ராஸா’ என்று கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

திண்ணை ஃப்ரிட்ஜுக்குக் கொக்கியோ கம்பிக் கதவோ போட்டிருப்பார்கள். அலங்காரத்துக்கு அல்ல. நாங்கள் முதல் காலை அதைச் சாத்தாமல் பல் துலக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு குரங்கு தயிர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூரை மேல் உட்கார்ந்து, மூடியை நகத்தால் கீறிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு.

இந்தியா விளையாடும் நாளில் பூங்காவுக்குள் இருக்க நேர்ந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான குடில்களில் டிவி கிடையாது. செல்போன் சிக்னல் பெரிய முகாம்களைச் சுற்றித்தான்.

எட்டாவது படி: எல்லாம் ‘நிரம்பிவிட்டது’ என்று காட்டினால்

பூங்காவுக்கு வெளியே, வேலியோரமாகத் தங்குங்கள். முதலை ஆற்றங்கரையில் மார்லோத் பார்க் என்ற ஊர் முழுக்க வாடகை வீடுகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் க்ரூகர். வீட்டு வாசலுக்கே வரிக்குதிரை வரும். அங்கிருந்து க்ரொக்கடைல் பிரிட்ஜ் கேட் பக்கம். ஆனால் வெளியே தங்கினால் நீங்கள் பகல்நேரப் பார்வையாளர். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. கூட்ட நாள்களில் அந்த நுழைவையும் முன்பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் விடியற்காலை வரிசையில் நின்றும் திரும்ப வேண்டியிருக்கும். பணம் பிரச்சினை இல்லாதவர்களுக்கு சாபி சாண்ட்ஸ் மாதிரியான தனியார் காடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே ஒரு இரவு வாடகையில் க்ரூகரில் ஒரு வாரம் இருக்கலாம்.

பிறகு அந்த இரண்டாவது அலை. அட்டவணை வெளியான மறு வாரம், ஒவ்வொரு அணியும் வெளியேறும் நாள், புறப்படுவதற்கு முந்தைய பத்து நாள்: இந்த மூன்று சமயங்களிலும் தளத்தை தினம் இரண்டு முறை பாருங்கள். தங்கள் அணி தோற்றுப்போனால் ரசிகர்கள் டிக்கெட்டை மாற்றி வீட்டுக்குப் போவார்கள், அவர்கள் ரத்து செய்த அறைகள் காலியாக வந்து விழும். சூப்பர் சிக்ஸுக்கு யார் வருகிறார்கள் என்று முடிவாகும் வாரம் இதற்கு நல்ல வேட்டைக் காலம்.

கடைசியாக, நேரிலேயே கேளுங்கள். காலை பத்து, பத்தரைக்கு முகாம் ரிசப்ஷனில் நின்று ‘இன்றிரவுக்கு ஏதாவது விழுந்திருக்கிறதா’ என்று விசாரியுங்கள். முந்தின இரவு வராதவர்களின் கணக்கு அப்போதுதான் தெரியும். எங்களுக்கு சதாராவில் அப்படித்தான் ஒரு குடில் கிடைத்தது, வேலியை ஒட்டிய கடைசி வரிசையில். ராத்திரி ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவ வெளியே வந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கழுதைப்புலி நடந்துகொண்டிருந்தது. எங்கள் டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு, கறி சுடும் வாசனை வந்த பக்கத்துக் குடிலை நோக்கிப் போய்விட்டது.